ஆள் போனதும் மூடிலும் போயிற்று: கல்லூரியில் இதையெல்லாம் நிலைக்க வைப்பது எப்படி?

வெப்ப_வாத்தியார்

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, மெக்கானிக்கல் துறை, அண்ணா பல்கலைக்கழக இணைப்பு. கேள்வியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். யாரோ ஒருவர் ஆர்வத்தில் கொண்டுவந்த கற்பித்தல் முறை, அவர் வேலை மாறிப் போன பிறகும் ஓட வேண்டும் என்றால் அதற்குக் கல்லூரிக்குள் என்ன ஏற்பாடு இருக்க வேண்டும்?

எங்கள் துறையில் ஓர் இளம் ஆசிரியர் மூடில் (இணையத்தில் பாடமும் தேர்வும் நடத்தும் மென்பொருள்) நிறுவி தெர்மோடைனமிக்ஸுக்குப் பெரிய கேள்வி வங்கி ஒன்றைக் கட்டியிருந்தார். நாலில் ஒன்றைத் தேர்ந்தெடு வகை இல்லை. மூடிலில் 'கால்குலேட்டட்' என்று ஒரு கேள்வி வகை உண்டு, நாம் சூத்திரத்தையும் எண்களின் எல்லையையும் கொடுத்தால் போதும், எண்களை அதுவே மாற்றி மாற்றிப் போடும். ஆட்டோ (Otto) சுழற்சியின், அதாவது பெட்ரோல் எஞ்சின் சுழற்சியின், செயல்திறனைக் கேட்டால் ஒருவனுக்கு அமுக்க விகிதம் 8 என்று வரும், விடை 56.5 சதவீதம். பக்கத்தில் இருப்பவனுக்கு 10, விடை 60.2. காப்பியடிப்பதானால் விடையை அடிக்க முடியாது, வழியைத்தான் அடிக்க முடியும், நமக்கு அது போதும்தானே! நீராவி அட்டவணை பார்க்கும் கணக்குகளில் இடைக்கணிப்பு செய்யும்போது ஆளுக்கு ஆள் தசமம் மாறும் என்பதால் 2 சதவீதம் வரை முன்னே பின்னே இருந்தாலும் சரி என்று ஏற்கும்படி வைத்திருந்தார். ஐந்து யூனிட்டுக்கும் இப்படி.

அவர் இப்போது வேறு கல்லூரியில். சர்வர் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது கேட் (CAD, கணினி வரைபட) லேபில் மேசைக்கு அடியில் கிடந்த பழைய கணினி, கோடை விடுமுறையில் அதை அணைத்தவர்கள் பிறகு போடவே இல்லை. அட்மின் கணக்கு அவருடைய சொந்த ஜிமெயிலில். பாடத்தை இப்போது எடுப்பவர் பிபிடி (பவர்பாயிண்ட் ஸ்லைடு) வைத்து நடத்துகிறார், அவரைக் குறை சொல்லவில்லை, மூன்று பேப்பர் தலையில் கட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நிர்வாகம் எல்லா வகுப்பிலும் ஸ்மார்ட் போர்டு மாட்டிவிட்டது. அதிலும் பிபிடிதான் ஓடுகிறது, அதற்கான பேனா எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மூடிலை மறுபடி எழுப்பலாம் என்று ஹெச்ஓடியிடம் (துறைத் தலைவர்) போனேன். "எழுப்பலாம் சார், நீங்களும் போயிட்டா?" என்றார். பதில் இல்லை என்னிடம். உங்கள் கல்லூரியில் எது நிலைத்தது, எதனால் நிலைத்தது என்று சொல்லுங்கள். கூகுள் கிளாஸ்ரூமே போதும் என்பவர்கள், அதில் மேலே சொன்ன மாதிரி கணக்கு எப்படிப் போடுவது என்றும் சேர்த்துச் சொல்லவும்.

லினக்ஸ்_மாமா

முதலில் அந்தக் கணினியைத் தேடி எடுங்கள் சார், கண்டெம்ன் (கழித்துக்கட்டும்) பட்டியலில் ஏற்றுவதற்கு முன்னால். ஹார்டு டிஸ்க் உயிரோடு இருந்தால் கவலையே இல்லை. அட்மின் பாஸ்வேர்டு தெரியாவிட்டாலும் சர்வருக்குள் நுழைய முடிந்தால் கட்டளை வழியாகவே மாற்றிக்கொள்ள மூடிலிலேயே ஒரு சிறு நிரல் இருக்கிறது. உள்ளே போனதும் இரண்டு வேலை: பாடத்தை முழு பேக்கப் எடுங்கள், கேள்வி வங்கியை மட்டும் தனியாக எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்குங்கள். பழைய பதிப்பில் எடுத்த பேக்கப் புதிய பதிப்பில் ஏறும், புதியதில் எடுத்தது பழையதில் ஏறாது, அதனால் புது சர்வரில் பதிப்பை ஏற்றிப் போடுவதில் பயமில்லை.

இனி நிலைக்க வைக்கும் விஷயம். நான் ஒரு கல்லூரியின் சிஸ்டம் அட்மின், என் பக்கத்திலிருந்து பார்த்தால் இது ஆர்வத்தைவிட பட்ஜெட் சமாச்சாரம். நம் கல்லூரிகளில் பொருள் வாங்கப் பணம் வரும், திறப்பு விழா, ரிப்பன், போட்டோ எல்லாம் உண்டு. வாங்கியதை ஓட்ட வருடா வருடம் வேண்டிய பணத்துக்குத் தலைப்பே இருக்காது. மூடிலுக்கு லைசன்ஸ் காசு கிடையாது, 2002இலிருந்து இலவசம்தான், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும், அது ஓடும் நிரல்மொழியான பிஹெச்பி மாறும், டேட்டாபேஸ் மாறும், யாராவது உட்கார்ந்து ஏற்ற வேண்டும். நீண்டகால ஆதரவுள்ள பதிப்பைப் போட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் 3 வருடம் வரும், சின்னத் துறைக்கு அதுதான் நிம்மதி. சிறிய கிளவுட் சர்வர் ஒன்றுக்கு ஆகும் வருடச் செலவை ஸ்மார்ட் போர்டுக்கு நீங்கள் கட்டும் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்) பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும்.

அட்மின் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் ஆசிரியர், ஒருவர் ஆசிரியர் அல்லாத ஊழியர். கணக்கு துறையின் மெயிலில்தான் இருக்க வேண்டும், யாருடைய சொந்த மெயிலிலும் கூடாது. வேலையை விட்டுப் போகிறவரிடம் நூலகம், ஹாஸ்டல், ஸ்டோர்ஸ் எல்லாவற்றிலும் நோ டியூஸ் வாங்குகிறார்கள் இல்லையா, அந்தத் தாளில் 'பாடப் பொருட்கள் ஒப்படைத்தார்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி எங்கள் பிரின்சிபலைப் பிடித்து நச்சரித்து வாங்கினேன். அந்த ஒரு வரி செய்த வேலையை எந்த ஒர்க்‌ஷாப்பும் செய்யவில்லை.

கூகுள் பற்றிக் கேட்டீர்கள். கூகுள் ஃபார்ம்ஸில் நீங்கள் சொல்லும் கணக்கு நேரடியாக வராது. இன்னொன்று, இலவசமாகக் கிடைப்பது யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கோவிட் காலத்தில் வகுப்பு முழுக்க ரெக்கார்டு செய்து டிரைவில் கொட்டினோம். அளவில்லாத இடம் என்று கொடுத்ததை 2021இல் நிறுத்துவதாக அறிவித்து, 2022இலிருந்து ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்று வரம்பு வைத்தார்கள். கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டை நம்பி வகுப்பு நடத்தியவர்களுக்கு 2024 முடிவோடு ஜாம்போர்டே இல்லை.

பழைய_பிசிக்ஸ்

அரசுக் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். லினக்ஸ் மாமா சொன்னது எல்லாம் சரி, ஆனால் சர்வரைக் காப்பாற்றினால் கற்பித்தல் நிலைத்துவிடும் என்பது போலத் தொனிக்கிறது, அங்கேதான் இடிக்கிறது.

1984 ஆகஸ்ட் 15இல் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) நாடு தழுவிய வகுப்பறை தூர்தர்ஷனில் தொடங்கியது. நல்ல நிகழ்ச்சிகள், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அது ஒளிபரப்பாகும் நேரத்துக்கு எங்கள் டைம்டேபிளில் இடம் கிடையாது, டிவி இருந்தது பிரின்சிபல் அறையில். பிறகு 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் என்று ஒரு செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விட்டார்கள், இஸ்ரோவுக்கே அது பெருமையான விஷயம். அதன் வேலை 2010இல் முடிந்தது. நான் அப்போது இருந்த கல்லூரியில் மாடியில் டிஷ் மட்டும் ரொம்ப நாள் நின்றது, கீழே இருந்த பெட்டியை யுபிஎஸ் பேட்டரி மாற்றவில்லை என்று மூடி வைத்துவிட்டார்கள். 2011இல் மாணவர்களுக்கு மலிவு விலையில் ஆகாஷ் டேப்லெட் என்று ஒரே அமர்க்களம். மெய்நிகர் ஆய்வகம் என்று நல்ல நல்ல சிமுலேஷன்கள் வந்தன, நிறைய ஃபிளாஷில் செய்தது. 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது, ஜனவரியில் திறந்தால் சாம்பல் நிறக் கட்டம்தான். ஆள் வைத்து ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றியவை பிழைத்தன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் பிழைத்தது அப்படித்தான், 2002இல் தொடங்கியது, தமிழிலும் இருக்கிறது, இன்றைக்கும் செமிகண்டக்டரைத் தவிர மீதி எல்லாவற்றுக்கும் நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

இத்தனைக்கும் நடுவில் அசையாமல் நின்றது ஒன்றுதான், என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டம். 2003இல் ஏழு ஐஐடியும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கியபோது அதுவும் வெறும் வீடியோதான், ஆர்வமுள்ள நாலு பேர் பார்த்தார்கள். 2014இல் சான்றிதழ் தேர்வு வந்தது, ஆட்டம் மாறியது. அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. கல்லூரிக்குக் கல்லூரி லோக்கல் சாப்டர், அதற்கு ஒரு பொறுப்பாளர். பிறகு யுஜிசி ஸ்வயம் (மத்திய அரசின் இணையப் பாடத் தளம்) பாடங்களுக்கு 20 சதவீதம் வரை கிரெடிட் கொடுக்கலாம் என்று 2016இலும், 40 சதவீதம் வரை என்று 2021இலும் சொன்னது. மதிப்பெண், கிரெடிட், ஆசிரியரின் பதவி உயர்வுக் கோப்பில் ஒரு தாள் – மூன்றும் சேர்ந்ததும் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

சரி, நிலைத்தது. கற்றார்களா? எனக்குத் தெரிந்த வகுப்புகளில் 12 வாரமும் அசைன்மென்ட் விடைகள் கெடு முடியும் முன்பே வாட்ஸப் குழுவில் வந்துவிடும். நிலைத்து நின்றது சான்றிதழ். அதனால் வெப்ப வாத்தியார் சார், எதை நிலைக்க வைக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மூடிலையா, மாணவன் தானே உட்கார்ந்து கணக்குப் போடுவதையா?

எக்ஸாம்செல்_மேடம்

பிசிக்ஸ் சார் சொல்வதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். மதிப்பெண் வந்தால் கெட்டுவிடும் என்பது போல முடித்திருக்கிறார், அங்கேதான் எனக்குச் சண்டை. மதிப்பெண் இல்லாமல் நம் பிள்ளைகள் எதையும் தொட மாட்டார்கள், அவர்கள் சோம்பேறிகள் என்பதற்காக இல்லை, ஒரு செமஸ்டரில் ஆறு தியரி, லேப், பிளேஸ்மென்ட் டிரெயினிங் என்று நாம் அடைத்து வைத்திருப்பதால்.

அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷனை எடுத்துப் பாருங்கள். தியரிக்கு இன்டர்னல் 40, முந்தைய 2017இல் 20தான் இருந்தது. அந்த 40க்கு இரண்டு அசெஸ்மென்ட், ஒவ்வொன்றும் 100க்கு: எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட் அல்லது கேஸ் ஸ்டடி அல்லது செமினார் அல்லது மினி புராஜெக்ட் 40. பெரும்பாலான கல்லூரிகளில் இந்த அசைன்மென்ட் 40இல் என்ன நடக்கிறது? நெட்டிலிருந்து பார்த்து ஏ4 தாளில் எழுதி ஸ்பைரல் போட்டுக் கொடுப்பார்கள், நாம் எல்லோருக்கும் 36, 38 என்று போடுவோம். உங்கள் கேள்வி வங்கிக்கு இதுதான் சார் இடம்! அசைன்மென்ட் என்பதற்குள் தாராளமாக அடங்கும், யாரிடமும் புதிதாக அனுமதி கேட்க வேண்டாம். கோர்ஸ் பிளானில் 'அசெஸ்மென்ட் 1 அசைன்மென்ட்: மூடில் வினாத்தொகுப்பு, யூனிட் 1, 2' என்று எழுதி ஹெச்ஓடி கையெழுத்தோடு கோர்ஸ் ஃபைலில் வைத்துவிட்டால், அடுத்து அந்தப் பாடத்தை எடுக்க வருபவர் அதைத்தான் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவார். நம் ஊரில் கோர்ஸ் ஃபைலுக்கு இருக்கும் ஆயுள் மனிதர்களுக்கு இல்லை.

விடை வாட்ஸப்பில் வருவது என்பிடெலில் நாடு முழுக்க எல்லோருக்கும் ஒரே கேள்வி என்பதால். இவர் வைத்திருப்பதில் ஆளுக்கு ஓர் எண், அதனால் பிசிக்ஸ் சாரின் பயம் இங்கே பாதியாகிவிடும்.

நேரம் பற்றி யாரும் பேசவில்லையே. யுஜிசி விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். கேள்வி எழுதுவது, வீடியோ எடுப்பது எல்லாம் அந்தக் கணக்கில் வராது, வீட்டில் பிள்ளை தூங்கின பிறகு செய்வது. எங்கள் கல்லூரியில் ஒரு பேப்பருக்கு முதல் தடவை இப்படி உள்ளடக்கம் செய்கிறவருக்கு அந்த செமஸ்டரில் ஒரு லேப் பேட்சைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டோம், கொடுத்தார்கள். பொன்னாடை போர்த்துவதைவிட அது மேல்.

நாக் (NAAC, கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் அமைப்பு) விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கமிட்டி வரும் வருடம் மட்டும் ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்), ஐசிடி என்று எல்லோரும் பறப்பார்கள், ஸ்மார்ட் போர்டு முன்னால் நின்று ஜியோடேக் போட்டோ எடுப்பார்கள். அந்த வேகத்தில் ஆரம்பித்தது எதுவும் அடுத்த வருடம் இருக்காது. அந்த வருடத்தில் பணம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வேலையை மட்டும் அதற்கு அடுத்த வருடம் தொடங்குங்கள். :-)

மேப்பிள்_இலை

நான் முனைவர் பட்ட ஆய்வு செய்தது வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். இதே கேள்விக்கு அங்கே ஒரு பெரிய பரிசோதனையே நடந்தது. 2001இல் இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன், மேலே சொன்ன ஃபெட் சிமுலேஷன்களைத் தொடங்கியவரும் அவர்தான், 2007இல் அங்கே ஒரு திட்டம் ஆரம்பித்தார். அதற்கு முந்தைய வருடம் கொலராடோவிலும் இதே போல. பணத்தைத் தனித்தனி ஆசிரியர்களிடம் கொடுக்கவில்லை. துறைகளைப் போட்டியிட வைத்து, துறைக்குத்தான் கொடுத்தார். அந்தப் பணம் பெரும்பாலும் கருவிக்குப் போகவில்லை, ஆளுக்குப் போனது. அந்தந்தப் பாடத்தில் முனைவர் பட்டம் முடித்த இளைஞர்களை, கற்பித்தல் ஆராய்ச்சியிலும் பயிற்சி கொடுத்து, துறைக்குள்ளேயே உட்கார வைத்தார்கள். ஓர் ஆசிரியர் வகுப்பை மாற்ற நினைத்தால் இந்த ஆள் கூட உட்கார்ந்து கேள்வி எழுதுவார், வகுப்பில் பின்வரிசையில் இருந்து மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனிப்பார், செய்தது எல்லாவற்றையும் அடுத்த ஆசிரியருக்காகச் சேர்த்து வைப்பார்.

விளைவு இதுதான். அமெரிக்காவில் இயற்பியல் ஆசிரியர்களிடம் எடுத்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய முறைகளை முயன்று பார்த்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டார் என்று வந்தது. வீமன் குழு அடுத்த வருடம் தங்கள் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். முயன்ற 70 பேரில் விட்டவர் ஒரே ஒருவர். துணைக்கு ஆள் இருந்ததுதான் வித்தியாசம் என்பது அவர்கள் வாதம். அவர்கள் ஊதியமும் நம் ஊதியமும் வேறு, அது எனக்கும் தெரியும். ஆனால் துறையில் எம்இ முடித்த ஒருவரையோ பிஹெச்டி ஆய்வாளரையோ வாரம் சில மணி நேரம் இதற்கென்று விட முடியாதா? புரொஜெக்டர் பல்புக்கு ஆகிற காசுதான்.

வடலி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். இங்க பல்கலைக்கழகங்களில் மூடில் போடுறது பிரச்சினையே இல்லை, கனகாலமா இருக்கு. 2020இல் கொரோனா வந்தபோது பல்கலைக்கழகங்களை இணைக்கிற லேர்ன் வலையமைப்பால் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சூம் தந்தார்கள், மூடில் மாதிரியான பல்கலைக்கழக எல்எம்எஸ் தளங்களுக்குப் போக மாணவர்களுக்கு டேட்டா காசும் இல்லாமல் விட்டார்கள். அந்த நேரம் எல்லாரும் பாவித்தார்கள்.

மேப்பிள் இலை சொல்ற மாதிரி துணைக்கு ஆள் எங்களிட்ட ஏற்கனவே இருக்கு. படிச்சு முடிச்ச கையோட பிள்ளைகளைத் தற்காலிகப் போதனாசிரியராக எடுப்பம், மூடில் வேலை முழுக்க அவையள்தான். அடுத்த வருசம் அவையள் வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போயிடுவினம், புதுப் பிள்ளை வந்து எல்லாத்தையும் திரும்பத் தொடங்கும். அதால ஆள் மட்டும் காணாது, சேர். ஒராள் போக முதல் மற்றாள் வந்து ஒரு மாதமாவது கூட இருக்க வேணும். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறம், இன்னும் தரேல்லை.

ஃபைனல்_இயர்_மெக்

சார் நான் ஸ்டூடண்ட், உள்ளே வரலாமா தெரியல. எங்க காலேஜ்லயும் இதே மாதிரி ஆளுக்கு ஒரு நம்பர் வர்ற குவிஸ் இருந்தது, வேற பேப்பர்ல. முதல் வாரம் எல்லாரும் திட்டினோம். அப்புறம் எத்தனை தடவை வேணாலும் முயற்சி பண்ணலாம், கடைசி மார்க்தான் எடுப்பேன்னு சார் சொன்னதும் பஸ்ல போறப்ப போன்லயே போட்டுப் பார்க்க ஆரம்பிச்சோம். செமஸ்டருக்கு முன்னாடி அதைத்தான் ரிவிஷனுக்கு வச்சுக்கிட்டோம்.

ஒரே வேண்டுகோள். ஒரு சார் கிளாஸ்ரூம், ஒரு மேடம் மூடில், ஒருத்தர் டீம்ஸ், ஒருத்தர் டெலிகிராம்னு இருந்தா எந்த அசைன்மென்ட் எங்க இருக்குன்னே தெரியாது. துறைக்கு ஒண்ணுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க ப்ளீஸ். அப்புறம் ஸ்மார்ட் போர்டு பேனா எங்க சிஆர் (கிளாஸ் ரெப்) பேக்ல இருக்கும், கேட்டுப் பாருங்க.

வெப்ப_வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. பிசிக்ஸ் சார் கேட்டதற்குப் பதில்: கணக்குப் போடுவதைத்தான். மூடில் இல்லாமல் அது நடக்குமானால் மூடில் போகட்டும்.

இன்று ஹெச்ஓடியிடம் எக்ஸாம்செல் மேடம் சொன்ன 2021 ரெகுலேஷன் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். அசெஸ்மென்ட் 1க்கு இதை வைக்கச் சம்மதித்துவிட்டார், தெர்மோவுக்கு மட்டும். லேப் பேட்ச் குறைப்பது பற்றி 'பிரின்சிபலிடம் பேசுகிறேன்' என்றார், அதை நான் ஆமாம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. பாடத்தை இப்போது எடுப்பவரும் நானும் இரண்டு பேராகச் செய்யப்போகிறோம், லேப் டெக்னீஷியன் இரண்டாவது அட்மின். போன ஆசிரியரிடமும் போனில் பேசினேன், அவர் சந்தோஷமாக நீராவி அட்டவணைக் கணக்குகளின் எக்செல் கோப்புகளை அனுப்பி வைத்தார், அந்தப் புதுக் கல்லூரியில் மூடிலே கிடையாதாம்.

வடலி, அந்த ஒரு மாதம் சேர்ந்து இருக்க வேண்டும் என்றது நல்ல யோசனை. நாங்கள் பாடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும் செமஸ்டரில் கேட்டுப் பார்க்கிறோம்.

லினக்ஸ் மாமா, கணினி கிடைத்துவிட்டது, ஸ்டோர்ஸில் இருந்தது, ஓடுகிறது. பேக்கப் எடுக்கும்போது பழைய மாணவர்களின் மதிப்பெண்களும் சேர்ந்து வருமா? அவை எனக்குத் தேவையில்லை.

லினக்ஸ்_மாமா

வேண்டாம் என்றால் பேக்கப்பின் முதல் பக்கத்திலேயே பதிவு செய்த பயனர்கள் என்று வரும் டிக்கை எடுத்துவிடுங்கள், மதிப்பெண், முயற்சிகள் எல்லாம் அதோடு போய்விடும், கோப்பும் சின்னதாகும். கேள்வி வங்கி என்பதில் டிக் இருக்கிறதா என்று மட்டும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்ததும் அந்தக் கணினியிலேயே விட்டுவிடாமல் பென் டிரைவில் ஒன்று, துறையின் டிரைவில் ஒன்று. வேறு சோதனை சர்வரில் ஏற்றி ஆட்டோ சுழற்சிக் கணக்கைத் திறந்து பாருங்கள், எண் மாறி மாறி வருகிறது என்றால் அப்புறம் பழைய பெட்டியை ஸ்டோர்ஸுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.